216 கிளியோபாட்ரா: ஒரு புள்ளியை வைத்து எவ்வளவு அளக்க முடியும்?

சிறிய தொலைநோக்கியில் எந்தச் சிறுகோளைப் பார்த்தாலும் ஒரு புள்ளிதான். வட்டம் தெரியாது, மேடுபள்ளம் தெரியாது, பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்கிற இரண்டை மட்டும் ஒழுங்காக அளந்துகொண்டே போனால் சுற்றுப்பாதை, சுழலும் வேகம், ஓரளவுக்கு வடிவம் எல்லாம் கைக்கு வருகிறது. எது எவ்வளவு முயன்றாலும் வராது என்பதும் அதே வேலையில் தெரிந்துவிடுகிறது. எனக்கு அதுதான் கூடுதல் சுவாரசியம்.

தேர்ந்தெடுத்தது 216 கிளியோபாட்ரா. 1880 ஏப்ரல் 10 அன்று யோகான் பலீசா, அப்போது ஆஸ்திரியக் கடற்படையின் வானாய்வகம் இருந்த போலா நகரில் (இன்றைக்கு குரோவேஷியாவின் பூலா) கண்டுபிடித்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் முதன்மைப் பட்டையில், சூரியனிலிருந்து சராசரியாக 2.79 வானியல் அலகு தூரத்தில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்தான் ஒரு அலகு), 4.67 ஆண்டுக்கு ஒரு சுற்று. பாதை நல்ல நீள்வட்டம், மையவிலகல் 0.25 (முழு வட்டத்துக்கு 0), அதனால் சூரியனை நெருங்கும்போது 2.09 அலகு, விலகும்போது 3.5 அலகு. பூமியின் தளத்துக்கு 13 டிகிரி சாய்வு. இதை ஏன் எடுத்தேன் என்றால், தற்சுழற்சி 5 மணி 23 நிமிடம் என்பதால் ஒரே இரவில் முழுச் சுழற்சியும் அகப்பட்டுவிடும், வெளிச்சமும் ஒரு மேக்னிட்யூடுக்கு மேல் ஏறி இறங்கும். ஒரு மேக்னிட்யூட் என்றால் இரண்டரை மடங்கு வெளிச்ச வித்தியாசம், எண் கூடக் கூட மங்கல். சீரீஸ் இதைவிடப் பிரகாசம்தான், ஆனால் அதன் ஏற்ற இறக்கம் 0.04 மேக்னிட்யூட். முதல் முயற்சிக்கு அதை எடுத்தால் உங்கள் தொலைநோக்கியின் கோளாறையும் வானத்தின் கோளாறையும் அளந்துவிட்டு சீரீஸை அளந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த எதிரமைவில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தை எதிரமைவு என்பார்கள், கிளியோபாட்ராவுக்கு அது சுமார் 15 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதன் சுழல் அச்சு ஏறக்குறைய நம் கிரகணத் தளத்தில், அதாவது பூமி சூரியனைச் சுற்றும் தளத்தில், படுத்துக் கிடக்கிறது, வடதுருவம் அந்தத் தளத்தை வைத்து அளக்கும் தீர்க்கரேகை 73, அட்சரேகை 21 டிகிரிப் பக்கமாக நோக்கியிருக்கிறது. ஆகவே தீர்க்கரேகை 73 அல்லது 253க்கு அருகில் இருக்கும்போது நாம் துருவத்தின் மேலிருந்து பார்க்கிறோம். நீளமான பொருள் சுழன்றாலும் நமக்குக் காட்டும் பரப்பு அவ்வளவாக மாறாது, நேரத்துக்கு எதிரே வெளிச்சத்தை வரைந்தால் வரும் வளைகோடு தட்டையாகிவிடும். 163, 343 பக்கம் இருக்கும்போதுதான் அதன் நடுக்கோட்டை நேராகப் பக்கவாட்டில் பார்ப்போம், ஒரு நேரம் முழு நீளம், ஒன்றேகால் மணி நேரம் கழித்து முனை என்று மாறி மாறி. நான் எடுத்தது 343க்கு அருகில் வந்த செப்டம்பர் எதிரமைவு. சூரியனிலிருந்து 2.27 அலகு, பூமியிலிருந்து 1.3 அலகு, சராசரி வெளிச்சம் பத்தாம் மேக்னிட்யூடைச் சுற்றி. இவ்வளவு வசதி எப்போதும் கிடைக்காது.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. 150 மி.மீ. நியூட்டோனியன், குவியத் தூரம் 750 மி.மீ., மோட்டார் வைத்த ஈக்வட்டோரியல் தாங்கி, குளிரூட்டிய கறுப்பு வெள்ளை சிமாஸ் கேமரா. பிக்சல் 3.76 மைக்ரான், அப்படியானால் ஒரு பிக்சல் வானத்தில் ஒரு ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) சொச்சம். இந்த எதிரமைவில் சிறுகோள் மணிக்கு ஏறத்தாழ 35 ஆர்க்செகண்ட் நகர்ந்தது, அதாவது 30 விநாடி எக்ஸ்போஷரில் பிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, புள்ளி கோடாக இழுபடாது. பச்சை மஞ்சள் பகுதியை மட்டும் விடும் வி ஃபில்டர் போட்டேன். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் பிறகு பருமனைக் கணக்கிடும்போது அளவுகோல் எது என்கிற தகராறு வரும். போகஸைக் கொஞ்சம் தளர்த்திவைப்பது நல்லது, வெளிச்சம் ஒரே பிக்சலில் குவிந்து நிரம்பிப்போகாமல் பரவி விழும்.

இந்த வேலையில் மிகவும் அலுப்பானது ஃபிளாட் எடுப்பது, அதாவது தூசி நிழலையும் ஓர மங்கலையும் திருத்துவதற்காகச் சீரான வெளிச்சத்தைப் படமெடுப்பது, மிகவும் முக்கியமானதும் அதுதான். சாதாரண வானப் படத்தில் தூசிப் புள்ளி இருந்தால் அழகு கெடும், இங்கே எண்ணே கெடும். சிறுகோள் சட்டகத்துக்குள் மெதுவாக நகர்கிறது, ஒப்பீட்டு நட்சத்திரங்கள் நகர்வதில்லை, ஆகவே வழியில் ஒரு தூசி நிழல் இருந்தால் சிறுகோள் மட்டும் மங்கும், அதை வடிவத்தின் விளைவு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நடுவானைக் கடக்கும்போது தாங்கி தொலைநோக்கியைப் புரட்டிப் போடுமே, அந்த இடத்தைக் கவனித்தால் ஃபிளாட்டின் தரம் உடனே தெரியும். புரட்டுவதற்கு முன்னும் பின்னும் வளைகோடு ஒட்டாமல் 0.03 தாவியிருந்தால் ஃபிளாட் சரியில்லை.

ஒப்பீட்டுக்கு நான்கைந்து நட்சத்திரங்கள் போதும், ஆனால் நிறம் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிறுகோள் தருவது எதிரொளித்த சூரிய ஒளிதான். சிவப்பு நட்சத்திரத்தை வைத்து ஒப்பிட்டால் அடிவானத்தை நெருங்க நெருங்க, வளிமண்டலம் நீலத்தைத் தின்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் மங்கும். 30 டிகிரி உயரத்துக்குக் கீழே வந்த படங்களை எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்னொரு சங்கடம், ஒரு நாளில் சிறுகோள் 14 ஆர்க்நிமிடம் போய்விடுகிறது, சில இரவுகளிலேயே பழைய ஒப்பீட்டு நட்சத்திரங்கள் சட்டகத்தைவிட்டு வெளியே. கையா விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து ஒவ்வொரு இரவுக்கும் புதிதாக நட்சத்திரம் எடுத்துக்கொண்டேன், இரவுக்கு இரவு 0.02 அளவில் ஒட்டியது, ஒரு மேக்னிட்யூட் ஏற்ற இறக்கத்துக்கு இது தாராளம்.

சிறுகோள் போகிற வழியில் மங்கலான நட்சத்திரம் கிடப்பதுதான் நடு இரவுத் தலைவலி. கணக்குப் பாருங்கள்: சிறுகோள் 10.7இல் அடிமட்டத்தில் இருக்கிறது, அளவிடும் வட்டத்துக்குள் 14ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரம் ஒன்று வந்துவிட்டது. திரையில் இது கண்ணுக்கே படாது, ஆனால் 5 சதவீத வெளிச்சத்தைக் கூட்டிவிடும், 0.05 மேக்னிட்யூட். பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மேடு முளைத்த மாதிரி தெரியும், பார்க்கிறவருக்கு இது ஏதோ துணைக்கோள் கிரகணம் என்றுகூடத் தோன்றும். வட்டத்தின் ஆரம் 6 பிக்சல், சிறுகோள் மணிக்கு 34 பிக்சல் போகிறது, ஆகவே ஒரு நட்சத்திரத்தைக் கடக்க அதிகபட்சம் இருபது நிமிடம் சொச்சம். அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், வேறு வழியில்லை.

முதல் இரவின் வளைகோட்டைப் போட்டபோதே கதை பாதி தெரிந்துவிட்டது. 9.65இலிருந்து 10.70 வரை இறங்கி ஏறி, அப்புறம் மறுபடி இறங்கி ஏறி. உச்சி அகலமாக உருண்டிருக்கிறது, பள்ளம் குறுகலாகக் கூர்ந்திருக்கிறது. நீளமான பொருளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், அதன் அகலப் பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் தெரியும் பரப்பு அதிகம் குறையாது, முனை நம்மை நோக்கும்போதோ சிறிது திரும்பினாலே பரப்பு சட்டென்று கூடிவிடும். பள்ளத்துக்குப் பள்ளம் 2 மணி 41 நிமிடம், சில நிமிடம் முன்பின்.

இதிலிருந்து துல்லியமான சுழற்சிக் காலத்துக்குப் போகிற வழிதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி, மென்பொருளில் விட்டால் ஒரே பொத்தானில் முடியும், ஆனால் கையால் ஒருமுறை செய்தால்தான் அது என்ன செய்கிறது என்று விளங்கும். அடுத்த இரவு அதே மாதிரிப் பள்ளம் 24 மணி 14 நிமிடம் கழித்து வந்தது. நடுவில் எத்தனை பள்ளங்கள் நமக்குத் தெரியாமல் பகலில் போயின? 9 பிரிவு என்றால் ஒன்றுக்கு 2.69 மணி, 8 என்றால் 3.03, 10 என்றால் 2.42. முதல் இரவில் நேரடியாகப் பார்த்தது 2 மணி 41 நிமிடம், ஆகவே 9தான், மற்ற இரண்டும் வெளியே. இப்போது பிழை ஒன்பதால் வகுபடுகிறது, பள்ளத்தின் நேரத்தில் 3 நிமிடச் சந்தேகம் இருந்தாலும் ஒரு பிரிவுக்கு 20 விநாடிதான். அதை வைத்துப் பத்து நாள் தள்ளிப் பார்த்த பள்ளத்தை எண்ணினால் ஏறக்குறைய 90 பிரிவு, சேர்ந்த சந்தேகம் அரை மணி நேரம், அது ஒரு பிரிவைவிட மிகச் சிறியது, எண்ணிக்கை தவறாது. அப்படியே ஒரு மாதம் தள்ளினால் 270 பிரிவு, விடை விநாடிக்குள் வந்து நிற்கிறது. 5.385 மணி. அடுத்த தசம இடத்துக்கு ஆசைப்படவில்லை, ஏனென்றால் அந்த ஒரு மாதத்தில் நாம் அதைப் பார்க்கும் கோணமே நகர்ந்துவிடுகிறது, நட்சத்திரங்களை வைத்துச் சொல்லும் சுழற்சிக்கும் நமக்குத் தெரியும் சுழற்சிக்கும் இடையே விநாடிக் கணக்கில் வேறுபாடு வரலாம். ஒளி பயண நேரத்தையும் கழித்தாக வேண்டும். 1.3 அலகு என்றால் ஒளி நம்மிடம் வர 10.8 நிமிடம், சிறுகோள் விலகிப்போகப் போக அது கூடும்.

ஒன்பது ஒற்றைப்படை என்பதில் ஒரு விசித்திரம் உண்டு: இன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு முனை நம்மைப் பார்த்தால் நாளைக்குப் பத்தேகாலுக்கு எதிர்முனை பார்க்கும். இரண்டு பள்ளங்களும் துல்லியமாக ஒரே ஆழம் இல்லை என்பதால் அடுத்தடுத்த இரவுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒட்டாது, ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தால் ஒட்டும். அளவீடுகளில் திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேடும் லாம்ப் ஸ்கார்கில் மாதிரியான நிரல்கள் பலமான உச்சியாக 2.69 மணியைத்தான் காட்டும், அதை இரட்டிக்க வேண்டியது நம் பொறுப்பு.

இரட்டிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? நீளமான பொருள் ஒரு சுழற்சியில் இரண்டு முறை அகலப் பக்கத்தையும் இரண்டு முறை முனையையும் காட்டும், ஆகவே இரண்டு உச்சி, இரண்டு பள்ளம். ஆனால் இது இயற்கை விதி அல்ல. 4 வெஸ்டாவைப் பாருங்கள், ஏறக்குறைய உருண்டை, ஒரு பக்கம் மற்றதைவிட வெளிறியது, ஒரு சுழற்சிக்கு ஒரே உச்சி. அதன் காலம் 5.34 மணியா 10.68 மணியா என்று வெகுகாலம் வாதம் நடந்தது, 5.34தான் சரி. வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் 1906இலேயே இன்னும் பெரிய குண்டைப் போட்டுவிட்டார்: எதிரமைவில் எடுத்த எந்த ஒளி வளைகோட்டையும் வடிவமே இல்லாமல், மேற்பரப்பில் கறுப்பு வெள்ளைத் திட்டுகளை மட்டும் வைத்துக்கூட விளக்கிவிடலாம் என்று கணிதமாகக் காட்டினார். கிளியோபாட்ராவில் அந்தச் சந்தேகம் நிற்காது. ஒரு மேக்னிட்யூடுக்குத் திட்டு வேண்டுமென்றால் எதிரெதிரே இரண்டு பக்கம் வெள்ளை, இரண்டு பக்கம் அதைவிட இரண்டரை மடங்கு கறுப்பு என்று வைக்க வேண்டும், அப்படியொரு சமச்சீர்த் திட்டை நம்புவதைவிட நீளமான பாறையை நம்புவது எளிது.

சுற்றுப்பாதைக்கு வேறு படம் எடுக்க வேண்டாம், அதே படங்கள்தான், ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்களை வைத்து இடத்தை அளந்தால் போதும். முதலில் ஒரு முரட்டுக் கணக்கு. பாதை வட்டம், பூமியின் தளத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எதிரமைவில் சிறுகோள் பின்னோக்கி நகரும் வேகம் மணிக்கு இத்தனை ஆர்க்செகண்ட் என்பது, 148ஐ சூரிய தூரமும் அதன் வர்க்கமூலமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும். 148 என்பது பூமி ஒரு மணியில் சூரியனைச் சுற்றி நகரும் கோணம், வேறொன்றும் மாயமில்லை. 35ஐப் போட்டால் கூட்டுத்தொகை 4.23, தூரம் 2.6. உண்மையில் அந்த நேரத்துத் தூரம் 2.27, சராசரித் தூரம் 2.79, ஒரே இரவை வைத்துப் போட்ட கணக்கு இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. இது பட்டைச் சிறுகோள், பூமியருகே வருவதும் அல்ல, வியாழனுக்கு அப்பாலுள்ளதும் அல்ல என்பது ஒரு இரவிலேயே தெரிந்துவிட்டது, எனக்கு அதுவே ஆச்சரியம்.

நீள்வட்டமும் சாய்வும் வேண்டுமென்றால் காலம் கடக்க வேண்டும். 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி சீரீஸைக் கண்டுபிடித்து, அது சூரிய ஒளியில் மறைந்துபோய், இருபத்து நான்கு வயது காஸ் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்தில் அந்த ஆண்டு முடியும்போது மறுபடி அகப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அடிப்படை இன்றும் அதேதான், மூன்று இடங்கள், மூன்று நேரங்கள், அவற்றிலிருந்து பாதையைக் குறிக்கும் ஆறு எண்கள். சுற்றுப்பாதையைக் கணக்கிடும் ஃபைண்ட் ஆர்ப் நிரலில் இடங்களைக் கொடுத்தேன். சில இரவு அளவீடுகளோடு மையவிலகல் எங்கெங்கோ ஆடுகிறது, வாரங்கள் கூடக் கூட அடங்குகிறது, ஒரு மாத அளவீடுகளில் சராசரித் தூரம் 2.8 அலகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாய்வுதான் முதலில் உறுதிப்படுகிறது, மையவிலகல் கடைசியில். நேரத்துக்குப் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணினிக் கடிகாரம் ஒரு விநாடி தவறினாலும் மணிக்கு 35 ஆர்க்செகண்டில் அது 0.01 ஆர்க்செகண்ட்தான். பூமிக்கு அருகே பறந்து போகிற சிறுகோளை எடுத்தால் அதே ஒரு விநாடி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இடையில் ஒன்று. 2.79 என்பது சுவாரசியமான இடம். 2.82இல், சிறுகோள்கள் மிக அரிதாக இருக்கும் கிர்க்வுட் இடைவெளிகளில் ஒன்று இருக்கிறது, வியாழன் இரண்டு சுற்று முடிக்கும்போது ஒரு சிறுகோள் ஐந்து சுற்று முடிக்கிற தூரம் அது, வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் வந்து அங்கிருந்தவற்றைக் காலிசெய்துவிட்டது. கிளியோபாட்ரா அதன் ஓரத்துக்கு உள்ளே தப்பியிருக்கிறது. வானத்தில் போய்த் தேடினால் அப்படியொரு காலி வளையம் இருக்காது, ஏனென்றால் கிளியோபாட்ரா போன்றவை 2.09க்கும் 3.5க்கும் இடையே அந்தத் தூரத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. இடைவெளி சராசரித் தூரங்களை வரைந்தால் மட்டும் தெரியும்.

வடிவத்துக்கு வருவோம். 1.05 மேக்னிட்யூட் என்றால் பரப்பு விகிதம் 2.6. ஆனால் சூரியன், சிறுகோள், நாம் மூவரும் ஒரே கோட்டில் இல்லை, எட்டு டிகிரி கோணம் இருந்தது, நிழல் விழுவதால் அந்தக் கோணத்தில் ஏற்ற இறக்கம் கொஞ்சம் ஊதிக் காட்டும். அதைத் திருத்தினால் 2.4 அளவில் வரும். நீளம் அகலத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு, இதற்கு மேல் ஒரு எதிரமைவின் வளைகோட்டிலிருந்து பிடுங்க முடியாது. பல எதிரமைவுகளின் வளைகோடுகளைச் சேர்த்து வடிவத்தைத் திருப்பிக் கணக்கிடும் முறையை 2001இல் காசலைனனும் டோர்ப்பாவும் கொடுத்தார்கள், அருமையான முறை, ஆனால் அது தருவது குழியில்லாத குவிந்த வடிவம். இடுப்பு ஒடுங்கிய பொருளாக இருந்தால் இடுப்பின்மேல் துணி போர்த்திய உருவம்தான் வரும்.

பருமன் இன்னும் மோசம். சராசரி வெளிச்சம் 10.15, தூரங்களுக்காக 2.35, கோணத்துக்காக 0.5 கழித்தால் 7.3, அதாவது சூரியனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரு அலகு தூரத்தில் வைத்து நேருக்கு நேர் பார்த்தால் வரும் மேக்னிட்யூட். அதை விட்டமாக்க வேண்டுமென்றால் மேற்பரப்பு எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரிய வேண்டும். கரிபோல 5 சதவீதம் என்றால் 206 கி.மீ., 20 சதவீதம் என்றால் 103 கி.மீ. அகச்சிவப்பில் வெப்பத்தை அளந்தவர்கள் சொன்ன 11.6 சதவீதத்தைப் போட்டால் 135 கி.மீ. அளவீடு ஒன்றுதான், விடை இருமடங்கு ஆடுகிறது, என் கேமராவை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது.

தீர்த்தவை வேறு கருவிகள். 1999இல் அரேசிபோ ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியைப் பிடித்து, ஆஸ்ட்ரோ குழு 2000இல் வெளியிட்ட வடிவம் 217 × 94 × 81 கி.மீ., இரண்டு பக்கமும் பருத்து நடுவில் ஒடுங்கிய, நாய் கடிக்கும் எலும்பு போன்ற உருவம். 2008இல் ஃபிராங்க் மார்க்கிஸ் குழு கெக் தொலைநோக்கியில் இரண்டு துணைக்கோள்களைக் கண்டது, அலெக்ஸ்ஹீலியோஸ், கிளியோசெலீனி, எகிப்து அரசியின் பிள்ளைகள் பெயர்தான். துணைக்கோள் இருந்தால் நிறை தெரியும், நிறை தெரிந்தால் அடர்த்தி. 2021இல் சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் படங்களை வைத்து நீளம் 270 கி.மீ. என்றும், நிறை முன்பு நினைத்ததைவிட 35 சதவீதம் குறைவு என்றும் திருத்தினார்கள், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.4 கிராம். உலோகம் நிறைந்ததாகக் கருதப்படும் ஒரு பொருளுக்கு இது இரும்பின் பாதிகூட இல்லை, உள்ளே வெற்றிடங்களோடு குவிந்த இடிபாடு என்றுதான் கொள்ள வேண்டும். என் 5.385 மணியை அந்த 270 கி.மீ.யோடு சேர்த்தால் முனையின் வேகம் விநாடிக்கு 44 மீட்டர், அந்தச் சன்னமான ஈர்ப்பில் முனையில் கிடக்கும் கல் பிடிமானத்தின் எல்லையில் இருக்கிறது.

அடுத்த எதிரமைவு பாதையில் நூறு டிகிரி சொச்சம் தள்ளி வரும், துருவப் பக்கம் திரும்பியிருப்பதால் ஏற்ற இறக்கம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அதையும் இதே ஃபில்டரில், இதே நட்சத்திர அளவுகோலில் எடுத்தால் இரண்டு வீச்சுகளையும் வைத்து அச்சின் திசையை நானே கணக்கிட்டு, அந்த 73, 21க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்க்கலாம். நீங்களும் முயல்வதாக இருந்தால் கிளியோபாட்ராவுக்காகக் காத்திருக்க வேண்டாம், 6.08 மணியில் சுழலும் 15 யூனோமியா, 6.42 மணியில் சுழலும் 44 நைசா இரண்டும் பிரகாசமானவை, எது முதலில் எதிரமைவுக்கு வருகிறதோ அதை எடுங்கள், ஃபிளாட்டை மட்டும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.